லேக் பூஜ்யம் என்று வந்தால் நம்பிவிடாதீர்கள்: போஸ்ட்கிரெஸ் கிளஸ்டரில் கனெக்‌ஷனையும் ரெப்ளிகேஷனையும் கவனிப்பது

மொரீஷியஸின் எபென் சைபர்சிட்டியில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் பார்த்துக்கொள்வது கடற்கரை ஹோட்டல்களின் அறை முன்பதிவுக்கான ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கிளஸ்டர். எழுத்தெல்லாம் நடக்கும் ப்ரைமரி இங்கே. அதன் நகலான ஒரு ரெப்ளிகா இதே தீவில் வேறொரு கட்டடத்தில். மற்றொன்று கடல் தாண்டி ஜோகன்னஸ்பர்க்கில். ரெப்ளிகா ப்ரைமரிக்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதுதான் லேக். பாரிஸில் சாப்பாட்டை முடித்துவிட்டு ராத்திரி 8 மணிக்கு விடுமுறைக்கு அறை தேடுகிறவருக்கு, குளிர்காலக் கணக்கில், நம் கடிகாரம் 11 காட்டும். ஆகவே தீவு தூங்கும் நேரம்தான் எங்களுக்கு உச்ச நேரம். இரவுப் பணிக்கு வந்து சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அக்கா, எந்த கிராஃபைப் பார்க்கணும்?" என்றுதான். அவர்களிடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் 13 முதல் எல்லா வெர்ஷன்களுக்கும் இது பொருந்தும். அதற்குப் பிறகு வந்த வசதி என்றால் அந்த இடத்தில் வெர்ஷனைச் சொல்கிறேன். வியூ, ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், இடையில் அண்டர்ஸ்கோர் இருந்தால் அப்படியே.

கவனிக்கிறவருக்குத் தனிக் கணக்கு

கண்காணிப்புக்கு சூப்பர்யூசரைக் கொடுக்காதீர்கள். தனியாக ஒரு ரோல் உருவாக்கி அதற்கு பிஜி_மானிட்டர் உரிமையை கிராண்ட் செய்தால் போதும். அந்த உரிமை இல்லாவிட்டால் அடுத்தவர்களின் குவெரி தெரிய வேண்டிய இடத்தில் 'இன்சஃபிஷியன்ட் பிரிவிலேஜ்' என்றுதான் வரும், ராத்திரி நேரத்தில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதே ரோலுக்கு கனெக்‌ஷன் லிமிட் 3 என்று போட்டுவிடுங்கள். கவனிக்க வந்த எக்ஸ்போர்ட்டரே (எண்களைச் சேகரித்துத் தரும் நிரல்) கோளாறாகி கனெக்‌ஷன்களைத் தின்றுவிடக் கூடாது.

பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. கனெக்‌ஷன் நிரம்பிவிட்டால் கண்காணிக்கும் ரோலும் உள்ளே போக முடியாது. அப்போது கிராஃபில் கோடு உச்சிக்கு ஏறாது, பாதியில் அறுந்து நிற்கும். "80 சதவீதம் தாண்டினால் மணியடி" என்று எழுதிய விதிக்குத் தாண்டுவதற்கு எண்ணே கிடைக்காது, அதனால் மணியும் அடிக்காது. ப்ரொமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியில் போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர் வைத்திருப்பவர்கள் பிஜி_அப் (டேட்டாபேஸைத் தொட முடிகிறதா என்று சொல்லும் எண்) பூஜ்யமானால் ஒரு அலர்ட், அந்த எண்ணே வராமல் போனால் இன்னொரு அலர்ட் என்று முதலில் இவை இரண்டையும் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். 16-ஆம் வெர்ஷனிலிருந்து ரிசர்வ்ட்_கனெக்‌ஷன்ஸ் என்ற அமைப்பு வந்திருக்கிறது. அதில் சில இடங்களை ஒதுக்கி, கண்காணிக்கும் ரோலுக்கு பிஜி_யூஸ்_ரிசர்வ்ட்_கனெக்‌ஷன்ஸ் உரிமை கொடுத்தால், வீடு நிறைந்த பிறகும் அதற்கு ஒரு கதவு திறந்திருக்கும். சூப்பர்யூசருக்கென்று முன்னிருப்பாகவே 3 இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது மனிதர்கள் உள்ளே நுழைய, எந்த ஸ்கிரிப்டும் அதைத் தொடக் கூடாது.

கனெக்‌ஷன் எண்ணிக்கை

மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் முன்னிருப்பாக 100. எல்லோரும் பார்ப்பது பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூ. அதை அப்படியே கவுண்ட் செய்தால் எண் கொஞ்சம் கூடுதலாக வரும். செக்பாயிண்டர், வால் ரைட்டர் (வால் என்பது மாற்றங்களின் பதிவேடு, பின்னால் வருகிறது), ஆட்டோவேக்கும் லாஞ்சர் போன்ற பின்னணிப் பிராசஸ்களும் அதே பட்டியலில் உட்கார்ந்திருக்கும். பேக்எண்ட்_டைப் என்ற பத்தியில் 'கிளையண்ட் பேக்எண்ட்' என்று இருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். ரெப்ளிகாவுக்கு அனுப்பும் வால் செண்டர்கள் 12-ஆம் வெர்ஷனிலிருந்து மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் கணக்கில் வருவதில்லை. அவற்றுக்குத் தனி வரம்பு, மேக்ஸ்_வால்_செண்டர்ஸ், முன்னிருப்பு 10.

மொத்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்டேட் பத்தியை வைத்து குரூப் பை போட்டுப் பிரியுங்கள். 'ஆக்டிவ்' என்றால் குவெரி ஓடுகிறது, இல்லையென்றால் ஓடும் வழியில் எதற்கோ காத்திருக்கிறது. 'ஐடில்' என்றால் சும்மா இருக்கிறது. பூல் (முன்கூட்டியே திறந்து பகிர்ந்துகொள்ளும் தொகுப்பு) வைத்திருந்தால் சும்மா இருப்பவை நிறைய இருப்பது இயல்பு. பயப்பட வேண்டியது 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. பிகின் சொல்லிவிட்டு, ஏதோ ஒரு வேலையைச் செய்துவிட்டு, கமிட்டும் இல்லாமல் ரோல்பேக்கும் இல்லாமல் வாசலில் நிற்கும் கனெக்‌ஷன் அது. கையில் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டே நிற்கும்.

டிசம்பர் உச்சத்தில் ஒரு வாடிக்கையாளரின் செயலி செய்த வேலையைச் சொல்கிறேன், படித்தால் விளங்கும். திரையில் ஆக்டிவ் 61 இருந்தது, வழக்கமாக 10-ஐத் தாண்டாது. சிபியூவோ தூங்கிக்கொண்டிருந்தது. ஆக்டிவ் ஏறியும் சிபியூ ஏறவில்லை என்றால், யாரும் வேலை செய்யவில்லை, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று பொருள். உடனே வெயிட்_ஈவென்ட்_டைப், வெயிட்_ஈவென்ட் என்ற இரண்டு பத்திகளையும் பார்க்க வேண்டும். முதல் பத்தியில் எல்லாவற்றுக்கும் 'லாக்' (பூட்டு) என்று இருந்தது. இரண்டாவதில் ஒன்றுக்கு மட்டும் 'டிரான்சாக்‌ஷன்ஐடி', மற்றவற்றுக்கெல்லாம் 'டப்பிள்'. இந்தக் கோலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையை எல்லோரும் மாற்றப் பார்க்கும்போது, முதலில் வந்தவர் பூட்டை வைத்திருப்பவரின் டிரான்சாக்‌ஷன் முடியக் காத்திருப்பார், பின்னால் வந்தவர்கள் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். அந்த வரிசை, ஒரு ஹோட்டலில் ஒரு அறை வகையின் கையிருப்பு.

பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷனுக்குக் காத்திருக்கும் கனெக்‌ஷனின் பிட்டை (பிராசஸ் எண்ணை) கொடுத்தால் யார் மறிக்கிறார் என்று சொல்லும். அவரையும் யாராவது மறிக்கிறாரா என்று ஏறிக்கொண்டே போனால் கடைசியில் ஒருவர் நிற்பார். இங்கே அந்த ஒருவர் ஐடில் இன் டிரான்சாக்‌ஷன். அவருடைய குவெரி பத்தியில் வெறும் செலக்ட்தான் இருந்தது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சும்மா இருக்கும் கனெக்‌ஷனில் அந்தப் பத்தி காட்டுவது கடைசியாக ஓடி முடிந்த குவெரியை. அதற்கு முன்பு அதே டிரான்சாக்‌ஷனில் ஓடிய அப்டேட் அங்கே தெரியாது. செயலி கையிருப்பைக் குறைத்துவிட்டு, டிரான்சாக்‌ஷனை மூடாமலே, கார்டு பணம் வாங்கும் சேவையின் பதிலுக்காக வலையில் காத்திருந்தது. அந்தச் சேவை அன்றைக்கு மெதுவாக இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் பிஜி_கேன்சல்_பேக்எண்ட் போட்டால் ஒன்றும் நடக்காது. ஓடும் குவெரியைத்தான் அது நிறுத்தும், இங்கே ஓடுகிற குவெரியே இல்லை. பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்தான் வேண்டும். நிரந்தரத் தீர்வு, செயலி எழுதுகிறவர்கள் வெளிச் சேவையை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே கூப்பிடுவது. அது வரும்வரை ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்டை அந்தச் செயலியின் ரோலுக்கு மட்டும் 30 விநாடி என்று வைத்துவிடுங்கள். கிளஸ்டர் முழுவதற்கும் போட்டால் அறிக்கை எடுப்பவர்கள், டேட்டா மாற்றுபவர்கள் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள், அதிலும் நியாயம் இருக்கும்.

ஆகவே மொத்த எண்ணுக்கு ஒரு அலர்ட் (ஒதுக்கியது போக மீதியில் 80 சதவீதம்) இருக்கட்டும். அதைவிட முக்கியமாக, ஐடில் இன் டிரான்சாக்‌ஷனில் மிகப் பழையதன் வயது ஒரு நிமிடம் தாண்டினால் ஒரு அலர்ட் வேண்டும். வயதைக் கணக்கிட எக்ஸாக்ட்_ஸ்டார்ட் பத்தியை இப்போதைய நேரத்திலிருந்து கழிக்க வேண்டும். இந்த ஒன்று எங்களுக்கு மற்ற அலர்ட்டுகளைவிட முன்னதாகவே சேதி சொல்கிறது.

"அக்கா, மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 500 ஆக்கிவிடலாமா?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: ஆக்கலாம், ஆனால் முதலில் கணக்குப் போடுங்கள். 6 செயலி சர்வர், ஒவ்வொன்றிலும் 4 வொர்க்கர், ஒவ்வொரு வொர்க்கரிலும் 10 பூல் என்றால் 240. புது வெர்ஷன் ஏற்றும் நிமிடங்களில் பழைய பிராசஸும் புதியதும் சேர்ந்து நிற்கும், அப்போது 480. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனிப் பிராசஸ். 8 கோர் உள்ள மெஷினில் 480 பேர் ஒரே சமயத்தில் வேலை கேட்டால் எல்லோருக்கும் தாமதமாகுமே தவிர யாருக்கும் சீக்கிரம் முடியாது. இதைக் கூட்டுவதற்கு ரீஸ்டார்ட் வேண்டும். அதிலும் ஒரு வரிசை உண்டு: கூட்டும்போது முதலில் ரெப்ளிகாக்கள், பிறகு ப்ரைமரி. குறைக்கும்போது முதலில் ப்ரைமரி. ரெப்ளிகாவில் இந்த எண் ப்ரைமரியைவிடக் குறைந்திருக்கக் கூடாது. குறைந்திருந்தால் பழைய வெர்ஷன்களில் ரெப்ளிகா நின்றே போகும், 14-லிருந்து ரீப்ளே பாஸ் ஆகி நிற்கும்.

சரியான வழி, செயலிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் பிஜிபவுன்சர் என்ற ஒரு பூலர். அதை டிரான்சாக்‌ஷன் மோடில் வைத்தால் நூற்றுக்கணக்கான கிளையண்டுகள் சில பத்து சர்வர் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் வைத்த நாளிலிருந்து பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பாதி உண்மையைத்தான் சொல்லும். அங்கே எண்ணிக்கை ஒருபோதும் ஏறாது, கூட்டமெல்லாம் பவுன்சர் வாசலில் நிற்கும். அதனால் 6432 போர்ட்டில், பிஜிபவுன்சர் என்ற பெயருள்ள நிர்வாக டேட்டாபேஸுக்குள் போய் ஷோ பூல்ஸ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். சிஎல்_வெயிட்டிங் என்பது காத்திருப்பவர்கள். மேக்ஸ்வெயிட் என்பது அவர்களில் அதிக நேரம் நிற்பவர் எத்தனை விநாடியாக நிற்கிறார் என்பது. போர்ட் லூயி மார்க்கெட்டில் டால் பூரிக் கடை முன்னால் மதியம் 20 பேர் நிற்பது ஒரு பொருட்டே இல்லை, கை வேகமாக ஓடினால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். அதே மாதிரி சிஎல்_வெயிட்டிங் கூடுவதைவிட மேக்ஸ்வெயிட் 1 விநாடியைத் தாண்டுவதுதான் எங்களுக்கு மணி. இன்னொன்று: பவுன்சர் வந்த பிறகு எல்லாக் கனெக்‌ஷனும் ஒரே ஐபியிலிருந்து வருவதுபோலத் தெரியும். ஒவ்வொரு செயலியும் அப்ளிகேஷன்_நேமை நிரப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். இல்லாவிட்டால் குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்கவே முடியாது.

ரெப்ளிகேஷன்: ப்ரைமரியிலிருந்து பார்ப்பது

ப்ரைமரியில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் வால் என்ற பதிவேட்டில் முதலில் எழுதப்படும். அந்தப் பதிவேடு ரெப்ளிகாவுக்கு ஓடி, அங்கே திரும்ப நிகழ்த்தப்படும். பதிவேட்டில் எந்த இடம் என்று சொல்லும் முகவரிதான் எல்எஸ்என். பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் வியூவில் ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் நான்கு எல்எஸ்என் இருக்கும்: அனுப்பியது, ரெப்ளிகா எழுதியது, டிஸ்கில் உறுதி செய்தது, நிகழ்த்தி முடித்தது. சென்ட், ரைட், ஃபிளஷ், ரீப்ளே.

'லேக் 2 ஜிபி' என்று ஒரே எண்ணாக வைத்தால் எங்கே அடைப்பு என்று தெரியாது. பிஜி_வால்_எல்எஸ்என்_டிஃப் கொண்டு மூன்று இடைவெளிகளைத் தனித்தனியாக வரையுங்கள். ப்ரைமரியின் இப்போதைய எல்எஸ்என்னுக்கும் சென்ட்டுக்கும் இடையில் கூடினால், அனுப்புகிற பக்கம் திணறுகிறது. எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் அது கடல் வழி. சென்ட்டுக்கும் ஃபிளஷுக்கும் இடையில் கூடினால் வழியாக இருக்கலாம், ரெப்ளிகாவின் டிஸ்க்காகவும் இருக்கலாம். ஃபிளஷுக்கும் ரீப்ளேக்கும் இடையில் கூடினால் வழி நன்றாக இருக்கிறது, டேட்டா வந்து சேர்ந்துவிட்டது, நிகழ்த்துவதில்தான் தடை. ரீப்ளே ஒற்றைப் பிராசஸ். அங்கே யாரோ நீண்ட அறிக்கைக் குவெரி ஓட்டிக்கொண்டிருந்தால் அதற்காக அது ஒதுங்கி நிற்கும். எவ்வளவு நேரம் ஒதுங்கலாம் என்பது மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலே, முன்னிருப்பு 30 விநாடி, அதற்குப் பிறகு குவெரியைக் கொன்றுவிட்டு முன்னேறும். கொல்லப்பட்டவர்கள் புகார் செய்ததும் யாராவது அதை -1 ஆக்கிவிடுவார்கள். அப்புறம் மாதக் கடைசி அறிக்கை ஓடும் நேரம் முழுவதும் ரெப்ளிகா பின்தங்கி நிற்கும். ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக்கை ஆன் செய்து, ரெப்ளிகாவின் குவெரிகளுக்கு இன்னும் எவை வேண்டும் என்று ப்ரைமரிக்குத் தெரிவிப்பது மாற்று வழி. அதன் விலையை ப்ரைமரி கட்டும், வேக்கும் பழைய வரிசைகளை அகற்ற முடியாமல் டேபிள்கள் வீங்கும். அறிக்கைகளுக்கென்றே ஒரு ரெப்ளிகாவை ஒதுக்கி, அதில் மட்டும் நீண்ட டிலே வைத்து, ஃபெயிலோவர் (ப்ரைமரி விழுந்தால் தலைமை ஏற்கும்) பட்டியலிலிருந்து அதை விலக்கிவிடுவதே என் விருப்பம்.

ரைட்_லேக், ஃபிளஷ்_லேக், ரீப்ளே_லேக் என்று நேரமாகவும் மூன்று பத்திகள் உண்டு. எல்லாம் எட்டிப் பிடித்து, புது வேலையும் இல்லையென்றால் அவை சிறிது நேரத்தில் நல் ஆகிவிடும். நல் வந்தால் பதற வேண்டாம்.

பதற வேண்டியது வரிசையே காணாமல் போனால். இந்த வியூ தொடர்பில் இருக்கும் ரெப்ளிகாக்களை மட்டும் காட்டும். செத்துப்போன ரெப்ளிகாவுக்கு 'லேக் அதிகம்' என்று வராது, அது பட்டியலிலேயே இருக்காது. 'மிக அதிக லேக் எவ்வளவு' என்று மேக்ஸ் போட்டு அலர்ட் வைத்திருப்பவர்களுக்கு, மோசமான ரெப்ளிகா செத்ததும் எண் குறைந்து எல்லாம் பச்சையாகிவிடும். அதனால் வரிசைகளின் எண்ணிக்கை இரண்டுக்குக் குறைந்தால் (உங்களிடம் எத்தனையோ அத்தனை) ஒரு அலர்ட், ஸ்டேட் 'ஸ்ட்ரீமிங்' ஆக இல்லாமல் 5 நிமிடம் போனால் ஒரு அலர்ட்.

ரெப்ளிகாவிலிருந்து பார்ப்பது

ரெப்ளிகாவில் எல்லோரும் போடும் குவெரி: இப்போதைய நேரத்திலிருந்து பிஜி_லாஸ்ட்_எக்ஸாக்ட்_ரீப்ளே_டைம்ஸ்டாம்ப்பைக் கழிப்பது. உச்ச நேரத்தில் இது சரியாகவே இருக்கும். விடிகாலை 6 மணிக்கு, ஐரோப்பாவும் தூங்கி இங்கேயும் யாரும் எழாத நேரத்தில், ப்ரைமரியில் எழுத ஒன்றுமே இல்லாவிட்டால், கடைசி டிரான்சாக்‌ஷன் பழையதாகிக்கொண்டே போகும். லேக் ஏறுவதுபோலத் தெரியும். பொய் மணி அடிக்கும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று ஊரெல்லாம் ஒரு ஒட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். வந்து சேர்ந்த எல்எஸ்என்னும் நிகழ்த்திய எல்எஸ்என்னும் ஒன்றாக இருந்தால் லேக் பூஜ்யம் என்று சொல், இல்லாவிட்டால் மட்டும் நேரத்தைக் கழி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வழியே அறுந்துபோனால் என்ன ஆகும்? புதிதாக எதுவும் வந்து சேராது. ஏற்கெனவே வந்ததை ரெப்ளிகா நிகழ்த்தி முடித்துவிடும். இரண்டு எல்எஸ்என்னும் ஒன்றாகிவிடும். லேக் பூஜ்யம்! ப்ரைமரி மணிக்கணக்கில் முன்னே போய்விட்டிருக்கும், ரெப்ளிகாவோ தனக்கு ஒரு பாக்கியும் இல்லை என்று சத்தியம் செய்யும். டாஷ்போர்டில் எந்தக் குவெரி ஓடுகிறது என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். இந்த ஒட்டு இருந்தால் அந்தப் பேனலை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நம்பத்தகுந்த வழி பழைய வழிதான். ப்ரைமரியில் ஒரே வரிசை உள்ள சின்ன டேபிள், 10 விநாடிக்கு ஒருமுறை அதில் இப்போதைய நேரத்தை எழுதும் ஒரு சின்ன வேலை. ரெப்ளிகாவில் அந்த நேரத்தைப் படித்து இப்போதைய நேரத்திலிருந்து கழியுங்கள். ப்ரைமரி சும்மா இருந்தாலும் துடிப்பு நிற்காது, வழி அறுந்தால் எண் ஏறும், ரீப்ளே நின்றாலும் எண் ஏறும். எல்லாக் கோளாறுக்கும் ஒரே எண். ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு மெஷின்களின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். கடிகாரத்தைச் சரிசெய்யும் க்ரோனி சேவை ஓடுகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் லேக் மைனஸில் வரும். டைம்ஸோன் உள்ள டைம்ஸ்டாம்ப் வகையையே பயன்படுத்துங்கள். நாங்கள் யுடிசிக்கு 4 மணி முன்னே, ஜோகன்னஸ்பர்க் 2 மணி முன்னே. சாதாரண டைம்ஸ்டாம்ப் போட்டால் நிரந்தரமாக 2 மணி நேரப் பிசகு. சம்பவக் குறிப்புகளையும் யுடிசியிலேயே எழுதுங்கள்.

கூடவே ரெப்ளிகாவில் பிஜி_ஸ்டாட்_வால்_ரிசீவர். வரிசை இல்லையென்றால் ரிசீவர் ஓடவில்லை. லாஸ்ட்_மெசேஜ்_ரிசீப்ட்_டைம் பத்தி ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதானால் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை.

இரண்டு கிராஃபையும் ஒரே திரையில் வையுங்கள்

கனெக்‌ஷனும் ரெப்ளிகேஷனும் தனித்தனி விஷயம் என்று நினைத்துத் தனித்தனி டாஷ்போர்டில் வைப்பார்கள். சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் (ரெப்ளிகா உறுதி சொல்லும்வரை கமிட் காத்திருக்கும் முறை) வைத்திருந்தால் அது ஆகாது.

மெடிஸ் என்ற கடலடிக் கேபிள் மொரீஷியஸிலிருந்து ரீயூனியன் வழியாக டர்பனுக்குத் தெற்கே அமான்சிம்தோட்டி கரைக்குப் போகிறது. சுமார் 3200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். போக 16 மில்லிவிநாடி, வர 16. அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் இன்னும் 500 கி.மீ.க்கு மேல். ரவுட்டர்களையும் சேர்த்தால் 40 என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு காசு கொட்டினாலும் 32-க்குக் கீழே போகாது. அந்த ரெப்ளிகாவை சிங்க்ரனஸ் ஆக்கினால் ஒவ்வொரு கமிட்டும் 40 மில்லிவிநாடி கூடுதலாக நிற்கும். 5 மில்லிவிநாடியில் முடிந்த டிரான்சாக்‌ஷன் இப்போது 45. விநாடிக்கு 200 டிரான்சாக்‌ஷன் வந்தால் முன்பு சராசரியாக 1 கனெக்‌ஷன்தான் ஒரு நேரத்தில் வேலையாக இருந்திருக்கும். இப்போது 9. வேலை கூடவில்லை, பயனர்கள் கூடவில்லை, கனெக்‌ஷன் மட்டும் ஒன்பது மடங்கு. அந்த வழி இன்னும் மெதுவானால் பூல் நிரம்பும், பயனருக்கு "டூ மெனி கிளையண்ட்ஸ்" என்று வரும், எல்லோரும் செயலியைக் குறை சொல்வார்கள். வெயிட்_ஈவென்ட்டில் 'சிங்க்ரெப்' என்று இருந்தால் காரணம் ரெப்ளிகா. பெயரிட்ட ஒரே சிங்க்ரனஸ் ரெப்ளிகா செத்தால் கமிட்டுகள் அப்படியே தொங்கும். ஆகவே சிங்க்ரனஸ் உள்ளூர் ரெப்ளிகாவுக்கு, கடல் தாண்டியது எப்போதும் அசிங்க்ரனஸ். பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனின் சிங்க்_ஸ்டேட் பத்தியில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபெயிலோவரைத் தானாகச் செய்யும் பாட்ரோனி வைத்திருந்தால், மேக்சிமம்_லேக்_ஆன்_ஃபெயிலோவர் முன்னிருப்பாக 1 எம்பி. அசிங்க்ரனஸ் ரெப்ளிகா அதற்கு மேல் பின்தங்கியிருந்தால் அது தலைமைக்கு நிற்காது. லேக் எண் வெறும் அழகுக்கு இல்லை.

ஸ்லாட்டும் புயலும்

ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்பது ப்ரைமரி கொடுக்கும் வாக்குறுதி: நீ வந்து வாங்கிக்கொள்ளும் வரை வாலை அழிக்கமாட்டேன். ரெப்ளிகா வராமலே போனால் வால் கோப்புகள், ஒவ்வொன்றும் 16 எம்பி, குவிந்துகொண்டே போகும். டிஸ்க் நிரம்பினால் ப்ரைமரியே நிற்கும். ரெப்ளிகா செத்ததற்காக ப்ரைமரி சாவது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் கதை.

பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் வியூவில் ஆக்டிவ் பத்தி 'ஃபால்ஸ்' ஆகி 10 நிமிடம் ஆனால் அலர்ட். ரீஸ்டார்ட்_எல்எஸ்என்னுக்கும் இப்போதைய எல்எஸ்என்னுக்கும் உள்ள இடைவெளிதான் ஸ்லாட் பிடித்து வைத்திருக்கும் அளவு. மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் முன்னிருப்பு -1, அதாவது வரம்பே இல்லை. கட்டாயம் ஒரு வரம்பு வையுங்கள். வரம்பு தாண்டினால் வால்_ஸ்டேட்டஸ் 'அன்ரிசர்வ்ட்' ஆகி, பிறகு 'லாஸ்ட்' ஆகும். வால் ஆர்க்கைவ் இல்லாவிட்டால் ரெப்ளிகாவை முதலிலிருந்து கட்ட வேண்டும். 500 ஜிபியை 100 எம்பிபிஎஸ் வழியில் அனுப்ப 11 மணி நேரத்துக்கு மேல். அலுப்பான வேலைதான், ஆனால் ப்ரைமரி உயிரோடு இருக்கும்.

வரம்பு எவ்வளவு என்பதற்கு நான் புயலைத்தான் அளவாக வைத்திருக்கிறேன். மூன்றாம் வகை எச்சரிக்கை வந்துவிட்டால் இந்தத் தீவில் அலுவலகமும் பேருந்தும் நின்றுவிடும், எபெனுக்கு யாரும் வர முடியாது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போர்ட் லூயியில் கார்களை வெள்ளத்தில் மிதக்கவிட்டது. அந்த மாதிரி நாளில் உள்ளூர் ரெப்ளிகா இருக்கும் கட்டடத்தில் மின்சாரம் போனால், ஒருவர் போய்த் தட்டி எழுப்ப அடுத்த நாள் ஆகலாம். ஆகவே கணக்கு: உச்ச நாளில் நிமிடத்துக்கு 40 எம்பி வால் உருவானால் மணிக்கு 2.4 ஜிபி, நாளுக்கு 57.6 ஜிபி. ஒன்றரை நாள் தாங்க வேண்டுமென்றால் 90 ஜிபி வரம்பு, வால் டிஸ்கில் அதற்கு மேலும் தாராளமாக இடம். உங்கள் நிமிட அளவை ஊகிக்க வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் எல்எஸ்என்னை இரண்டு முறை எடுத்துக் கழியுங்கள், உச்ச நேரத்தில். நவம்பர் வாக்கில், புயல் பருவம் தொடங்கும்போது, இந்த எண்ணைப் புதுப்பித்து ஒட்டி வைக்கிறோம். இரண்டாம் வகை எச்சரிக்கை வந்ததும் அறிக்கை வேலைகளையும் பெரிய டேட்டா மாற்றங்களையும் நிறுத்திவிடுகிறோம், வால் குறையட்டும் என்று.

மணி அடிக்கிறதா என்று பார்ப்பது

எழுதிய அலர்ட் வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. காலை 6 மணி எங்களுக்கு அமைதியான நேரம், அப்போது பார்க்கலாம். தூரத்து ரெப்ளிகாவில் பிஜி_வால்_ரீப்ளே_பாஸ் கொடுங்கள். ப்ரைமரியில் ஃபிளஷ் முன்னேறிக்கொண்டே இருக்கும், ரீப்ளே மட்டும் நிற்கும், துடிப்பு டேபிளின் வயது ஏறும். எத்தனை நிமிடத்தில் பணியில் இருப்பவரின் போனில் சேதி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ரெப்ளிகாவின் சர்வீஸையே நிறுத்திப் பாருங்கள். இப்போது வரிசை காணாமல் போன அலர்ட்டும் ஸ்லாட் அலர்ட்டும் வர வேண்டும், இரண்டும் வேறு வேறு. பழைய பேனல் பச்சையாகவே இருந்தால் அதை அங்கேயே நீக்கிவிடுங்கள். கனெக்‌ஷனுக்கு, சோதனைச் சூழலில் பிஜிபெஞ்ச் என்ற சுமைச் சோதனைக் கருவியைக் கொண்டு வரம்பு வரை கிளையண்டுகளைத் திறந்துவிட்டு, கண்காணிக்கும் ரோல் இன்னும் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

முடித்ததும் சர்வீஸைத் தொடங்கி, ரீப்ளே நின்றிருந்தால் பிஜி_வால்_ரீப்ளே_ரிசூம் கொடுத்து, 14 அல்லது அதற்கு மேல் என்றால் பிஜி_கெட்_வால்_ரீப்ளே_பாஸ்_ஸ்டேட் 'நாட் பாஸ்டு' என்று சொல்கிறதா என்று பணியை ஏற்கப்போகிறவரை விட்டே பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பின் வயது 15 விநாடிக்குள் இறங்கிய பிறகு கையெழுத்துப் போட்டுக் கிளம்பலாம்.